நம் வீட்டுத் தரைக்கு எந்த நிறம்?

வீடு கட்டும் உறுப்பினர்களுக்கான பாடம்



நம் கூட்டமைப்பில் பல உறுப்பினர்கள் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் அரசுத் திட்டத்தில் கட்டுகிறீர்கள். சிலர் வங்கிக் கடன் வாங்கி, போதாததற்குக் குழுவில் உள்கடனும் எடுத்துக் கட்டுகிறீர்கள். அஸ்திவாரம், கம்பி, செங்கல் பற்றியெல்லாம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். தரையைப் பற்றிப் பேச்சு வருவது கடைசியில்தான். அதற்குள் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும், உடம்பும் அலுத்திருக்கும். "ஏதோ ஒண்ணு போட்டு முடிச்சு விடுங்க மேஸ்திரி, குடி போனாப் போதும்" என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படிச் சொல்லிவிட்டு, அந்தத் தரையில் எத்தனை வருடம் இருக்கப் போகிறோம்? சுவரில் அடித்த நிறம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றி அடிக்கலாம். சிமெண்டில் கலந்து போட்ட தரையின் நிறத்தை அப்படி மாற்ற முடியாது. கொத்தி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே இன்னொரு தரை போட வேண்டும். இரண்டுக்கும் மறுபடியும் கடன்தான்.

ஆகவே இந்தப் பாடத்தில் நிறச் சிமெண்டுத் தரை, அதாவது நாம் ரெட் ஆக்சைடு தரை என்று சொல்லும் தரைக்கு, நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். டைல்ஸ் போடுகிறவர்களுக்கும் கடைசியில் சில குறிப்புகள் உண்டு.

யார் கையில் இருந்த வேலை இது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். மண் தரை இருந்த காலத்தில் தரை முழுக்கப் பெண்கள் கையில்தான் இருந்தது. மண்ணைக் குழைத்து மெத்தினோம். சாணம் போட்டு மெழுகினோம். ஓரத்தில் காவிப் பட்டை இழுத்தோம். குழி விழுந்தால் நாமே பூசினோம். வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை, நோன்புக்கு ஒருமுறை என்று தரை புதிதாகிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் சரியில்லை என்றால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம்.

சிமெண்ட் வந்ததும் தரை கொத்தனார் கைக்குப் போய்விட்டது. நிறத்தைச் சொல்வது வீட்டு ஆண்கள், வாங்கி வருவது மேஸ்திரி, பூசுவது கொத்தனார். கலவை சுமப்பது மட்டும் சித்தாளாகிய பெண். வீடு முடிந்த பிறகு அந்தத் தரையைத் தினமும் இரண்டு வேளை கூட்டுவதும், குனிந்து துடைப்பதும், அதில் உட்கார்ந்து காய் நறுக்குவதும், பிள்ளையைப் படுக்க வைப்பதும் மறுபடி நாம்தான்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப்புறப் பிரிவு 2016-இல் தொடங்கியது. அதில் வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலோ, பெண் பெயரிலோ ஒதுக்குவது பொதுவான விதி. நல்ல விதிதான். தாளில் பெயர் வந்துவிட்டது. ஆனால், "உனக்கு எந்த நிறத் தரை வேணும்?" என்று எத்தனை வீட்டில் கேட்டார்கள்? இதைக் கேட்டால் கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

நம் பகுதியில் ஓர் உறுப்பினர் வீடு கட்டினார். டவுனில் ஒரு கடையில் பளபளவென்று கருப்புத் தரையைப் பார்த்துவிட்டு வந்த கணவர், "நமக்கும் கருப்புதான்" என்று முடிவு செய்தார். கொத்தனாரும் நன்றாகவே பூசிக் கொடுத்தார். பால் காய்ச்சிய அன்று பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார்: "கால் வச்சா கால் தடம், கை வச்சா கை தடம். காத்தடிச்சா புழுதி வெள்ளையா தெரியுது. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா ஒரு தடவை, அவரு வேலை விட்டு வந்தா ஒரு தடவை. ஒரு நாளைக்கு மூணு தடவை தொடைக்கிறேன். ஒரே ஜன்னல் உள்ள ரூமு, பகல்லயும் லைட்டு போட்டாத்தான் அரிசி பொறுக்க முடியுது." அவருடைய மாமியாருக்குக் கண் பார்வை குறைவு. கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்கும் படியும் அதே கருப்பு என்பதால் படி இருப்பதே தெரியாமல் இரண்டு முறை தடுமாறியிருக்கிறார்.

கருப்பு கெட்ட நிறம் என்று இதற்குப் பொருள் அல்ல. வெளிச்சம் நன்றாக வரும் பெரிய கூடத்தில், புழுதி குறைந்த இடத்தில் அது அழகாகவே இருக்கும். அந்த வீட்டின் ஜன்னலுக்கும், அந்தத் தெருவின் மண்ணுக்கும், அந்த அம்மாவின் கண்ணுக்கும் அது பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

நிறம் எதிலிருந்து வருகிறது?

ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. இரும்பில் ஏறும் துருவும் இதே இனம்தான். சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய மூன்று நிறமும் இரும்பு ஆக்சைடிலேயே கிடைக்கின்றன. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. இவை தாது வகை நிறங்கள். சிமெண்டின் காரத்தைத் தாங்கும், வெயிலில் எளிதில் வெளுக்காது. அதனால்தான் தாத்தா காலத்துச் சிவப்புத் தரை இன்றும் சிவப்பாகவே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் காணும் ஆத்தங்குடிக் கல்லிலும் இதே முறைதான். நிறம் கலந்த சிமெண்டைக் கண்ணாடிப் பலகை மேல் ஊற்றி வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது.

சுவர்ப் பெயிண்டில் கலக்கும் சிறு பாட்டில் ஸ்டெயினர், கோலப் பொடி, துணிக்குப் போடும் நீலம் இவற்றைத் தரைக்குப் பயன்படுத்தாதீர்கள். முதலில் அழகாகத் தெரியும், நாளடைவில் வெளுத்துவிடும்.

கடையில் வாங்கிய தூள் சரியானதா என்று பார்க்க ஒரு சிறிய சோதனை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுக் கலக்கி, ஆடாமல் வையுங்கள். மறுநாள் பாருங்கள். ஆக்சைடு தண்ணீரில் கரையாது. அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். தண்ணீரே நிறமாக நின்றால் அதில் சாயம் கலந்திருக்கிறது. அந்தத் தூள் வேண்டாம்.

ஒவ்வொரு நிறமும் எப்படி உழைக்கும்?

சிவப்பு: சாதாரணச் சாம்பல் நிறச் சிமெண்டிலேயே நன்றாக வரும். செலவு குறைவு. செம்மண் பூமியில் புழுதியை வெளியே காட்டாது. கோலம் போட்டால் எடுப்பாக இருக்கும். இதைப் பூசித் தெரிந்த கொத்தனார்கள் அதிகம். ஆனால் அடர்ந்த சிவப்பு இருட்டு அறையை மேலும் இருட்டாக்கும்.

மஞ்சள்: அறை வெளிச்சமாகத் தெரியும். பூரான், தேள் வந்தால் உடனே கண்ணில் படும். கீழே விழுந்த மாத்திரை, ஊசி, தோட்டின் திருகு கூடத் தெரியும். சாம்பல் சிமெண்டில் கலந்தால் அழுக்கு மஞ்சளாகிவிடும். தெளிவான மஞ்சள் வேண்டுமென்றால் மேல் பூச்சுக்கு மட்டும் வெள்ளைச் சிமெண்ட் வாங்க வேண்டும். முடி, எண்ணெய்க் கறை பளிச்சென்று தெரியும்.

பச்சை: கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் குரோமியம் ஆக்சைடின் விலை இரும்பு ஆக்சைடைவிட அதிகம். இதற்கும் வெள்ளைச் சிமெண்ட் இருந்தால்தான் நிறம் எடுக்கும்.

கருப்பு: புழுதி, கால்தடம், சோப்புத் தண்ணீர் காய்ந்த திட்டு எல்லாம் காட்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மற்ற நிறங்களைவிட இதில் அதிகமாகத் தெரியும். வெயில் படும் திண்ணையில் போட்டால் மதியம் கால் வைக்க முடியாது.

நிறம் இல்லாத சாம்பல்: இதையும் ஒரு நிறமாகவே கணக்கில் எடுங்கள். நன்றாகத் தேய்த்துப் பூசி, ஓரத்தில் சிவப்புப் பட்டை மட்டும் கொடுத்தால் அழகாக இருக்கும். நிறத்தூள் செலவு மிகக் குறைவு. கடன் சுமை அதிகம் உள்ளவர்கள் கூச்சப்படாமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதற்காக இரண்டு தவணைக் காசைத் தரையில் கொட்ட வேண்டாம்.

வீடு முழுவதும் ஒரே நிறம் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கூடத்துக்குச் சிவப்பு, ஜன்னல் குறைந்த அறைக்கு வெளிர் நிறம் என்று பிரிக்கலாம். நிலைப்படி நிறம் மாறும் எல்லையாக இருக்கட்டும்.

நிறம் கேட்பதற்கு முன் ஐந்து கேள்விகள்

குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை ஒருவர் படிக்க, வீடு கட்டும் உறுப்பினர் பதில் சொல்லட்டும்.

1. உங்கள் தெருவின் மண் என்ன நிறம்? செம்மண்ணா, கரிசலா, வெளிர் மணலா? வீட்டுக்குள் தினமும் வரப்போகும் புழுதி அதுதான். புழுதியின் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள நிறம் வேலையைக் குறைக்கும்.

2. எந்த அறைக்கு எத்தனை ஜன்னல்? பகலில் விளக்குப் போடாமல் அங்கே பிள்ளைகள் படிக்க முடியுமா?

3. வீட்டில் முதியவர், கண் பார்வை குறைந்தவர், தவழும் குழந்தை, கர்ப்பிணி யார் இருக்கிறார்கள்? படி எங்கே வருகிறது?

4. அந்தத் தரையில் என்ன வேலை நடக்கும்? தையல், பீடி, பூக்கட்டுதல், அப்பளம், ஊறுகாய் என்று வீட்டிலேயே தொழில் செய்கிறவர்கள் கீழே விழும் பொருள் கண்ணில் படும் நிறமாகப் பார்க்க வேண்டும். மல்லிகை கட்டுகிறவருக்குச் சிவப்புத் தரை வசதி. கருப்பு மணி கோக்கிறவருக்கு வெளிர் நிறம் வசதி.

5. கூட்டித் துடைப்பது யார்? ஒரு நாளைக்கு எத்தனை முறை முடியும்? இதற்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு இந்த ஒரு கேள்வியே நிறத்தைச் சொல்லிவிடும்.

செங்கல்லில் மாதிரி பாருங்கள்

கடையில் காட்டும் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் இருப்பது அச்சு மை. உங்கள் ஊர்ச் சிமெண்டில், உங்கள் தண்ணீரில், உங்கள் கொத்தனார் கையில் அந்த நிறம் வேறு மாதிரி வரும். அதனால் மாதிரி செய்து பார்ப்பதுதான் ஒரே வழி. செலவு மிகக் குறைவு. ஆனால் தரை போடுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

தேவையானவை: நான்கு செங்கல், இரண்டு கிலோ சிமெண்ட், கொஞ்சம் சலித்த மணல், நிறத்தூள் கால் கிலோ, மளிகைக் கடைத் தராசு.

முதல் நாள் செங்கற்களை நன்றாக நனைத்து, மேல் பக்கத்தில் சாதாரண மணல் கலவை பூசுங்கள். அது லேசாக இறுகியதும் நிறப் பூச்சைக் கொடுங்கள். 200 கிராம் சிமெண்டுக்கு 10 கிராம் தூள் ஒரு செங்கல்லுக்கு. அதே அளவு சிமெண்டுக்கு 20 கிராம் தூள் அடுத்த செங்கல்லுக்கு. மற்ற இரண்டு செங்கல்லிலும் இன்னொரு நிறத்தை இதே அளவில் செய்யலாம். கைக்கணக்கில் போடாதீர்கள். ஆக்சைடு தூள் லேசானது. டம்ளர் கணக்கும் எடைக் கணக்கும் ஒத்துப் போகாது. ஒவ்வொரு செங்கல்லிலும் எண்ணைக் கீறி, நோட்டில் அளவை எழுதி வையுங்கள்.

மறுநாள் முதல் ஒரு வாரம் தண்ணீரில் வைத்திருங்கள். பிறகு ஒரு வாரம் நிழலில் காயட்டும். ஈரத்தில் பார்க்கும்போது எல்லா நிறமும் அடர்த்தியாக, அழகாக இருக்கும். காய்ந்ததும் வெளிறும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஈரத்தைப் பார்த்துத் "தூக்கலா இருக்கு, தூளைக் குறைங்க" என்பார்கள். காய்ந்த பின் வெளிறிப் போனதென்று வருத்தப்படுவார்கள். காய்ந்த செங்கல்லில் பாதிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள். மெருகேற்றிய தரை எப்படித் தெரியும் என்பதை அந்தப் பாதி காட்டும்.

இப்போது செங்கற்களைக் கட்டி முடித்த அறைக்குள் கொண்டு வாருங்கள். ஜன்னலுக்குக் கீழே, இருட்டு மூலையில், அடுப்படியில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் பாருங்கள், சாயங்காலம் பாருங்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெருப் புழுதியைத் தூவுங்கள். ஒரு முடியைப் போடுங்கள். நனைந்த விரலை அழுத்தி எடுத்துக் காய விடுங்கள். எந்தச் செங்கல் உங்களுக்கு வேலை வைக்கவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாயால் மட்டும் சொன்னால் "உனக்கென்ன தெரியும்" என்பவர்கள், கண்ணெதிரே செங்கல் இருந்தால் பேசாமல் பார்க்கிறார்கள். இதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. நிறம் கலந்த மேல் பூச்சு சுமார் 3 மில்லிமீட்டர் கனம். இதற்கு ஏறத்தாழ ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்ட் ஆகும். நிறத்தூள் சிமெண்டின் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. ஆக, ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 5 கிலோ. அதற்கு மேல் போட்டால் பூச்சின் பலம் குறையும், நிறமும் பெரிதாகக் கூடாது. பழைய கொத்தனார்கள் சிலர் கூடுதலாகப் போடும் பழக்கம் உள்ளவர்கள். அவர்களிடம் செங்கல் மாதிரியைக் காட்டி, "அண்ணே, இந்த அளவுலயே போடுங்க" என்று சொல்லுங்கள்.

2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த அளவு வீட்டுக்கு மேல் பூச்சுக்கு மட்டும் மூன்று மூட்டை சிமெண்ட், 15 கிலோ வரை நிறத்தூள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சுவரின் கனம் போக இன்னும் குறையும்.

முழுத் தூளையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனியில் வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் மாறக்கூடும். பில் கேட்டு வாங்குங்கள். அரைக் கிலோ தூளை மீதம் பிடித்து, ஈரம் படாமல் மூடி வையுங்கள். பின்னால் விரிசலை அடைக்க உதவும்.

பூசும் நாளில் கவனிக்க வேண்டியவை

நிறம் நன்றாக வருவதும் வராததும் பாதி தூளில், பாதி வேலையில். கீழ்க்கண்டவற்றை நீங்களே நின்று பாருங்கள்.

• ஓர் அறைக்கு வேண்டிய சிமெண்டையும் தூளையும் தண்ணீர் சேர்க்காமல் முதலிலேயே மொத்தமாகக் கலந்து, இரண்டு மூன்று முறை சலிக்க வேண்டும். சட்டி சட்டியாகத் தனித்தனியே கலந்தால் தரை திட்டுத் திட்டாக வரும்.

• சலிக்கும் பெண்கள் மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள். சிமெண்ட் கையைப் பொத்துவிடும். நம் உறுப்பினர்களில் சித்தாள் வேலை செய்கிறவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

• தண்ணீர் அதிகமானால் நிறம் வெளிறும், விரிசலும் வரும். கலவை தளதளவென்று ஓடக்கூடாது.

• மேலே தண்ணீர் மிதக்கும்போது காய்ந்த தூளைத் தூவித் தேய்க்கக் கூடாது. பின்னாளில் மேல்தோல் செதிலாக உரியும்.

• ஓர் அறையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்தக் கோடு அப்படியே தெரியும். நிறுத்துவதானால் வாசற்படியில் நிறுத்தட்டும்.

• பெரிய கூடத்தில் 3 அல்லது 4 அடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்தால் தாறுமாறாக விரிசல் விடாது.

• குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றில் வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லாதீர்கள். அங்கே சொரசொரப்புத்தான் பாதுகாப்பு.

• படி இருக்கும் இடத்தில் விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிறப் பட்டை கேளுங்கள். சிவப்புத் தரைக்கு மஞ்சள் பட்டை, வெளிர் தரைக்குச் சிவப்புப் பட்டை. பெரியவர்களின் கால் பிசகாமல் இருக்க இந்த இரண்டு அங்குலம் போதும்.

பூசிய மறுநாள் முதல் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்துப் பதினான்கு நாள், தரையில் தண்ணீர் நிற்க வேண்டும். வாசலில் சின்னதாகப் பாத்தி கட்டி நல்ல தண்ணீரைத் தேக்குங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம். ஈரத் தரை மேல் வைக்கோல், இலை, சாயச் சாக்கு போட்டு வைத்தால் அவற்றின் கறை தரையில் இறங்கிவிடும். இந்தப் பத்து நாளும் குடம் சுமப்பது பெரும்பாலும் நாம்தான். வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும் முறை வைத்துக்கொள்ளட்டும்.

கூலி பேசும்போதே நோட்டில் நான்கு வரி எழுதிக் கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள்: எந்தச் செங்கல் நிறம், எத்தனை கிலோ தூள், எத்தனை நாளில் வேலை முடியும், மீதிக் கூலி எப்போது. தரை காய்ந்து நிறம் பார்த்த பிறகு கடைசிப் பங்கைக் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராது.

பிறகு பராமரிப்பு

முழுக்கக் காய்ந்த தரையில் தேங்காய் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். எண்ணெய் மேலே நின்றால் வழுக்கும். அன்றைக்குப் பெரியவர்களை அந்த அறையில் நடக்க விடாதீர்கள். மெழுகுப் பாலிஷும் போடலாம்.

எலுமிச்சை, புளி, மோர் சிந்தினால் உடனே துடையுங்கள். புளிப்பு சிமெண்டை அரிக்கும். அந்த இடம் வெளுத்துவிடும். கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. ஆரம்பத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் நாளடைவில் குறையும்.

டைல்ஸ் போடுகிறவர்களுக்கு

டைல்ஸிலும் கேள்விகள் அதே ஐந்துதான். கடையில் பத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கல்லை வாங்கி வந்து உங்கள் அறையில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். அதன் மேல் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். வழுக்கினால் அது வேண்டாம். பெட்டிகளின் மேல் உள்ள பேட்ச் எண்ணும் நிறக்குறியும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நமக்கு இந்த வேலை தெரியாதா?

கூட்டங்களில் சில அக்காமார், "இதெல்லாம் ஆம்பளைங்க பாக்குற வேலைம்மா" என்கிறார்கள். கலவையின் பதத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லும் சித்தாள் பெண்கள் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் கிராமப் பெண்கள் கொத்து வேலைப் பயிற்சி பெற்றுக் கழிப்பறைகளும் வீடுகளும் கட்டினார்கள். அவர்களை "ராணி மிஸ்திரி" என்று அழைக்கிறார்கள். நம் ஊரிலும் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். வீடு கட்டும் உறுப்பினர் முதலில் அவர்களிடம் யோசனை கேட்கட்டும்.

குழுவில் கலந்து பேசுவோம்

1. நம் குழுவில் யார் வீட்டுத் தரையின் நிறத்தை யார் முடிவு செய்தார்கள்? ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.

2. நம் ஊரில் பத்து வருடத்துக்கு மேலான நிறத் தரை யார் வீட்டில் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம், "துடைக்கிறதுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள்.

3. இந்த வருடம் வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? நாலைந்து பேர் சேர்ந்து நிறத்தூள் வாங்கினால் கடையில் விலை குறைத்துக் கேட்க முடியுமா?

4. நம் உறுப்பினர்களில் கலவை, பூச்சு வேலை தெரிந்தவர்கள் யார் யார்? அவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்கலாமா?

வீடு கட்டும் உறுப்பினர் தன் நான்கு செங்கற்களையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வரட்டும். எந்த எண்ணை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று அவரே எழுந்து சொல்லட்டும். உங்கள் ஊக்குநர் மூலம் அந்த விவரத்தை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

– கள ஒருங்கிணைப்பாளர்